கீமோதெரபி நாள்களில் சிறுநீரகத்தைக் காப்பது எப்படி?

கீமோதெரபி தொடங்கப்போகிறவர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் மருத்துவரிடம் முதலில் கேட்பது, முடி உதிருமா, வாந்தி வருமா என்பதைத்தான். சிறுநீரகம் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் குறைவு. முடி உதிர்வது கண்ணுக்குத் தெரியும். வாந்தி ஆளையே உலுக்கிவிடும். சிறுநீரகப் பாதிப்போ பெரும்பாலும் வலியில்லாமல் வருகிறது. ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஓர் எண் கூடியிருப்பதுதான் பல நேரங்களில் அதன் ஒரே அடையாளம். அந்த எண் கூடிவிட்டால் அடுத்த தவணை தள்ளிப்போகலாம், மருந்தின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம், நல்ல பலன் தந்துகொண்டிருந்த மருந்தையே கைவிட நேரலாம் என்பதால், இது புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வெளியே உள்ள தனிக் கவலை அன்று.

மருந்து ஏற்றும் நாளில் வேண்டிய பாதுகாப்பை மருத்துவமனை செய்துவிடும். வீடு திரும்பிய பின் வரும் பத்துப் பன்னிரண்டு நாள்களில்தான் பலருக்குச் சிக்கல் தொடங்குகிறது. குமட்டலால் தண்ணீர் இறங்காது; வாய்ப்புண் வந்தால் குடிக்கவே தோன்றாது; வயிற்றுப்போக்கில் உள்ள நீரும் போய்விடும்; இதற்கிடையில் உடல்வலிக்கு வீட்டில் இருக்கும் ஏதோ ஒரு மாத்திரையை விழுங்குவார்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சிறியதாகத் தோன்றும். ஒரே வாரத்தில் எல்லாம் சேர்ந்துகொள்ளும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்து, மருந்தால் ஏற்கெனவே நலிந்திருக்கும் அதன் செல்கள் மேலும் அடிபடுகின்றன. எனவே வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் வாய்ப்புண்ணையும் காலத்தோடு அடக்குவதே சிறுநீரகத்தைக் காக்கும் வழிகளில் பாதி. இங்கே சொல்லப்படும் அளவுகள் பொதுவானவை. உங்கள் மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

உங்களுக்குத் தரப்படும் மருந்து எது?

எல்லாக் கீமோ மருந்துகளும் சிறுநீரகத்தை ஒரே விதமாகத் தாக்குவதில்லை. சில அநேகமாகத் தொடுவதே இல்லை. ஆகவே சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே மருந்துகளின் பெயர்களை எழுதி வாங்கிக்கொண்டு, இவற்றில் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது எது என்று நேரடியாகக் கேளுங்கள்.

இவற்றில் முதலில் சொல்ல வேண்டியது சிஸ்பிளாட்டின். நுரையீரல், தலை கழுத்து, கருப்பை வாய், விந்தகம், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் புற்றுநோய்களுக்கு இன்றும் இது முக்கியமான மருந்து. 1978இல் அமெரிக்காவில் அனுமதி பெறுவதற்கு முந்தைய ஆய்வுகளில், இது சிறுநீரகத்தைக் கெடுத்த விதத்தைக் கண்டு மருந்தையே கைவிட்டுவிடலாமா என்ற நிலைகூட வந்தது. அதை மீட்டது வேறொரு அரிய மருந்து அன்று; மருந்துக்கு முன்னும் பின்னும் நிறைய சலைன் ஏற்றும் எளிய முறைதான். சிறுநீரகத்தின் நுண்குழல்களில் உள்ள செல்கள் சிஸ்பிளாட்டினை ரத்தத்திலிருந்து இழுத்துத் தமக்குள்ளேயே சேர்த்துக்கொள்கின்றன. அதனால் மருந்து ரத்தத்தில் இருப்பதைவிட அங்கே செறிவாகத் தங்குகிறது. நீரோட்டம் நன்றாக இருந்தால் அந்தச் செறிவு குறையும். பாதிப்பு உடனே தெரிவதில்லை. தொடக்கத்தில் சொன்ன எண்ணான கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவுப்பொருளின் ரத்த அளவு, பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில்தான் உயரும். மருந்து ஏற்றிய மறுநாள் எடுத்த அறிக்கை சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

உயர் அளவு மெத்தோட்ரெக்சேட், அதாவது ஒரு சதுர மீட்டர் உடற்பரப்புக்கு 500 மில்லிகிராமோ அதற்கு மேலோ தரப்படுவது, வேறு வகையில் தீங்கு செய்கிறது. சிறுநீர் அமிலத்தன்மையோடு இருந்தால் மருந்து படிகமாகி நுண்குழல்களை அடைத்துக்கொள்ளும். இதனால்தான் சோடியம் பைகார்பனேட் கொடுத்துச் சிறுநீரின் பி.எச். அளவை 7 அல்லது அதற்கு மேல் வைத்திருக்கிறார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவைத் திரும்பத் திரும்பச் சோதிக்கிறார்கள். மெத்தோட்ரெக்சேட்டின் நச்சுத்தன்மையை முறிக்கும் லூகோவோரின் என்ற மருந்தை மணிக்கணக்குப்படி தருகிறார்கள். லூகோவோரின் மாத்திரையுடன் வீட்டுக்கு அனுப்பப்பட்டால், ஒரு வேளை தவறினாலும் மாத்திரை வாந்தியில் வெளியே வந்துவிட்டாலும் அடுத்த வேளை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஐஃபோஸ்ஃபமைடு நுண்குழல்களைப் பாதித்து, உடல் தக்கவைத்துக்கொள்ள வேண்டிய பாஸ்பேட், பொட்டாசியம், பைகார்பனேட் போன்றவற்றைச் சிறுநீரில் ஒழுகவிடும். சிறுநீர்ப்பையின் உட்சுவரையும் புண்ணாக்கும் என்பதால் அதனுடன் மெஸ்னா என்ற காப்பு மருந்தும் தரப்படுகிறது. ஜெம்சிட்டபின், மைட்டோமைசின் ஆகியவை அரிதாகச் சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தநாளங்களில் உறைகட்டிகளை ஏற்படுத்துகின்றன. பெவாசிசுமாப் ரத்த அழுத்தத்தைக் கூட்டி, சிறுநீரில் புரதம் போகச் செய்யும். நோயெதிர்ப்பாற்றலைத் தூண்டும் புதிய வகை மருந்துகள் கீமோ அல்ல என்றாலும் சிலருக்குச் சிறுநீரகத்தில் அழற்சியை உண்டாக்குகின்றன. அது பல மாதங்கள் கழித்தும் வரலாம்.

ரத்தப் புற்றுநோயிலும் வேகமாக வளரும் நிணநீர்ப் புற்றுநோயிலும் இன்னொரு ஆபத்து உண்டு. சிகிச்சை தொடங்கிய 12 முதல் 72 மணி நேரத்துக்குள் புற்றுச் செல்கள் கூட்டமாக அழியும்போது பொட்டாசியமும் பாஸ்பேட்டும் யூரிக் அமிலமும் ரத்தத்தில் பெருகிச் சிறுநீரகத்தைத் திணறடிக்கும். இதைத் தடுக்க அலோபியூரினால் மாத்திரையை முன்கூட்டியே தொடங்குவார்கள். ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு ராஸ்புரிகேஸ் ஊசி தருவார்கள். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பி.டி. என்ற நொதியில் குறைபாடு உள்ளவர்களுக்கு ராஸ்புரிகேஸ் ஆகாது என்பதால், குடும்பத்தில் யாருக்காவது அந்தக் குறைபாடு இருந்தால் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

முதல் தவணைக்கு முன்பு

சிகிச்சைக்கு முந்தைய கிரியாட்டினின் அளவுதான் பின்னர் வரும் எல்லா அறிக்கைகளுக்கும் ஒப்புநோக்கும் அளவுகோல்; அந்த அறிக்கையைத் தொலைக்காமல் வைத்திருங்கள். அதே வேளையில் கிரியாட்டினினை மட்டும் நம்புவதும் போதாது. அது தசையிலிருந்து உண்டாவது. தசை குறைந்த முதியவர்களுக்கும் நோயால் மெலிந்தவர்களுக்கும் சிறுநீரகம் நலிந்திருந்தாலும் அந்த எண் குறைவாகவே காட்டும். 72 வயதும் 42 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணுக்குக் கிரியாட்டினின் 0.9 என்று அறிக்கையில் வந்தால், அருகில் அச்சிடப்பட்டிருக்கும் இயல்பு வரம்புக்குள் அது அடங்கிவிடும். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிடும் காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், அவருடைய சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்குச் சுமார் 37 மில்லிலிட்டர்தான். அந்தத் திறனில் சிஸ்பிளாட்டினை முழு அளவில் தர மருத்துவர்கள் பொதுவாகத் தயங்குவார்கள். எனவே 'கிரியாட்டினின் எவ்வளவு?' என்பதோடு நிற்காமல், 'வடிகட்டும் திறன் எவ்வளவு?' என்றும் கேளுங்கள். கார்போபிளாட்டின் போன்ற மருந்துகளின் அளவே அந்த எண்ணை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது.

வீட்டில் அன்றாடம் விழுங்கும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று காட்டுவது, பட்டியல் எழுதுவதைவிடப் பயன் தரும். பட்டியலில் பலர் வலி மாத்திரையையும் மூலிகைச் சூரணத்தையும் மருந்தாகவே கருதாமல் விட்டுவிடுகிறார்கள். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் வகை வலி நிவாரணிகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. சிஸ்பிளாட்டின், மெத்தோட்ரெக்சேட், பெமெட்ரெக்செட் எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவர் சொல்லாமல் இவற்றைத் தொடக் கூடாது. உயர் அளவு மெத்தோட்ரெக்சேட்டின்போது ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகளும், கோட்ரைமாக்சசோல், பென்சிலின் வகை நுண்ணுயிர்க்கொல்லிகளும் அந்த மருந்து உடலிலிருந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தலாம். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள், நீர் பிரிக்கும் மாத்திரைகள், மெட்ஃபார்மின் ஆகியவற்றை வாந்தியோ வயிற்றுப்போக்கோ கடுமையாக இருக்கும் நாள்களில் நிறுத்திவைக்க வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் அந்தக் கேள்வி எழுந்தால் பதில் சொல்ல ஆள் கிடைக்காது. மூலிகை மருந்துகள் இயற்கையானவை என்பதாலேயே தீங்கற்றவை ஆகிவிடுவதில்லை. சில மூலிகைகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாகக் கெடுப்பதும் புற்றுநோயை உண்டாக்குவதும் உறுதியாக அறியப்பட்டவை.

தண்ணீர்

நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு, எப்படி என்று சொல்பவர்கள் குறைவு. இதயமும் சிறுநீரகமும் நல்ல நிலையில் உள்ளவர்களுக்குச் சிஸ்பிளாட்டின் போன்ற மருந்து ஏற்றிய நாள்களில் நாளொன்றுக்கு 2 முதல் 3 லிட்டர் வரை திரவம் உள்ளே போக வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. குமட்டல் இருக்கும்போது ஒரு முழு டம்ளரைக் குடித்தால் அதுவே வாந்தியைக் கிளப்பும். விழித்திருக்கும் நேரத்தில் கால் மணிக்கு ஒருமுறை மூன்று நான்கு வாய் குடித்தாலே 2 லிட்டரை எட்டிவிடலாம். காலையில் ஒரு லிட்டர் பாட்டில் இரண்டை நிரப்பி மேசையில் வைத்துவிட்டால், எவ்வளவு உள்ளே போயிற்று என்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. இதய பலவீனம் உள்ளவர்களுக்கும், ஏற்கெனவே சிறுநீரின் அளவு குறைந்துவிட்டவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது; அவர்களுக்கு அதிக நீரே மூச்சுத்திணறலைக் கொண்டுவரும்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், உண்பதற்கு முன், ஒரே எடைக்கருவியில் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள்களில் எடை சட்டென்று ஒன்றரை, இரண்டு கிலோ குறைந்தால் அது கொழுப்பு அன்று, நீர்; அதேபோல் கூடினால் உடலில் நீர் தேங்குகிறது என்று பொருள். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருப்பது நல்லது. அடர்ந்த நிறமாகி, ஆறேழு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் சிறிதளவு வருகிறது என்றால் தாமதிக்கக் கூடாது. நிறத்தைப் பற்றி ஒரு விதிவிலக்கும் உண்டு. டாக்சோரூபிசின் ஏற்றிய ஒன்றிரண்டு நாள்களுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறமே, அஞ்ச வேண்டியதில்லை. ஐஃபோஸ்ஃபமைடு, சைக்ளோஃபாஸ்ஃபமைடு எடுத்துக்கொள்பவருக்குச் சிவந்து, எரிச்சலோடு வந்தால் அது ரத்தமாக இருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, வாய்ப்புண்

வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருப்பதுதான் நான் கவனித்தவரை நோயாளிகள் மிகுதியாகச் செய்யும் தவறு. சிஸ்பிளாட்டின் தரும் வாந்தி முதல் நாளோடு முடிவதில்லை; இரண்டாம், மூன்றாம் நாள்களில் மீண்டும் உச்சத்துக்குப் போகும். ஒண்டான்செட்ரான், அப்ரெபிடன்ட், டெக்சாமெத்தசோன், ஒலான்சபின் ஆகியவற்றைச் சேர்த்துத் தருவது இந்தத் தாமத வாந்தியையும் மனத்தில் கொண்டுதான். ஆகவே குமட்டல் இல்லாவிட்டாலும் எழுதித்தந்த நாள்கள் முழுவதும் அட்டவணைப்படி போட்டுக்கொள்ள வேண்டும். ஒண்டான்செட்ரான் மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். மாத்திரை போட்டும் குடித்த நீர் தங்கவில்லை, ஒரு நாள் முழுக்க இதே நிலை என்றால், வீட்டில் போராடிக்கொண்டிருக்காமல் போய் ஒரு பாட்டில் சலைன் ஏற்றிக்கொள்வது எவ்வளவோ மேல். அது தோல்வியோ மிகைப்படுத்தலோ அன்று.

இரினோடெகான், கேப்சிட்டபின் போன்றவற்றால் வரும் வயிற்றுப்போக்கை மருத்துவர் முன்கூட்டியே தந்திருக்கும் லோபெரமைடால் முதல் இளக்கத்திலேயே தொடங்கி அடக்க வேண்டும். இரினோடெகானுக்குப் பின் வரும் தாமத வயிற்றுப்போக்குக்கு முதலில் 4 மில்லிகிராமும் பிறகு இரண்டு மணிக்கு ஒருமுறை 2 மில்லிகிராமும் என்பது பரவலான முறை. சாதாரண வயிற்றுப்போக்குக்கான அளவைவிட இது மிகுதி என்பதால் மருத்துவர் சொல்லாமல் பின்பற்றக் கூடாது. காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் லோபெரமைடு போடாமல் நேராக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இழந்ததை ஈடுகட்ட வெறும் தண்ணீர் போதாது, ஓ.ஆர்.எஸ். கரைசல் வேண்டும்.

வாய்ப்புண்ணுக்கு ஒரு லிட்டர் நீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவும் கரைத்து நாளில் பல முறை கொப்பளிப்பது, ஆல்கஹால் கலந்த வாய்கழுவிகளைவிட நல்லது. 5-ஃப்ளூரோயுராசிலை ஊசியாக வேகமாகச் செலுத்தும் நேரத்தில் அரை மணி நேரம் பனிக்கட்டியை வாயில் வைத்துக்கொண்டால் வாய்ப்புண் குறையும். ஆனால் அதே நாளில் ஆக்சாலிபிளாட்டினும் உண்டென்றால் இது கூடாது, ஏனெனில் அந்த மருந்து குளிர்ச்சி பட்ட இடத்தில் நரம்புகளில் குத்தல் உணர்வை உண்டாக்கும். விழுங்கவே முடியாத அளவு புண் இருந்தால் வலி மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். குடிக்க முடியாத வாய் இரண்டு நாளில் சிறுநீரகப் பிரச்சினையாக மாறும்.

காய்ச்சல்

வெள்ளையணுக்கள் பெரும்பாலும் மருந்து ஏற்றிய 7 முதல் 14ஆம் நாள் வரையில் மிகக் குறைவாக இருக்கும். அப்போது 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சலே அவசர நிலை. முதலில் வெப்பமானியில் பார்த்து எழுதுங்கள். அதற்கு முன் பாராசிட்டமால் போட்டால் காய்ச்சல் மறைந்துபோகும், தொற்று மறையாது. தொற்று முற்றி ரத்த அழுத்தம் சரிந்தால் சிறுநீரகம் சில மணி நேரத்திலேயே செயலிழக்கக்கூடும். அவசரப் பிரிவில் இருக்கும் மருத்துவர் உங்களை முதன்முறையாகப் பார்ப்பவராக இருக்கலாம் என்பதால், 'சிஸ்பிளாட்டின் ஏற்றி ஒன்பது நாளாகிறது, கடைசிக் கிரியாட்டினின் இவ்வளவு' என்று சொல்ல வேண்டியது உடன் இருப்பவரின் வேலை. அமினோகிளைக்கோசைடு வகை நுண்ணுயிர்க்கொல்லிகள் சிறுநீரகத்தையும் செவியையும் பாதிப்பவை. சிஸ்பிளாட்டினும் அதே இரண்டையும் பாதிக்கிறது. இந்தத் தகவல் தெரிந்தால் அவர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்க வாய்ப்புண்டு.

அறிக்கையைப் படிப்பது

முதல் தவணைக்கு முன் 0.7 ஆக இருந்த கிரியாட்டினின் அடுத்த அறிக்கையில் 1.1 ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஆய்வகம் குறிக்கும் இயல்பு வரம்புக்குள் அடங்கும். தடித்த எழுத்திலோ நட்சத்திரக் குறியோடோ எதுவும் இருக்காது. ஆனால் அது ஒன்றரை மடங்குக்கும் மேல். இந்த உயர்வு ஏழு நாள்களுக்குள் நேர்ந்திருந்தால், அல்லது 48 மணி நேரத்தில் 0.3 கூடியிருந்தால், மருத்துவ வரையறையின்படி அது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு. எனவே வரம்பைப் பார்க்காமல் உங்கள் முந்தைய எண்ணோடு ஒப்பிடுங்கள். எல்லா எண்களையும் தேதியோடு ஒரே பக்கத்தில் வரிசையாக எழுதினால் ஏற்றம் கண்ணில் படும்.

மக்னீசியத்தையும் அந்தப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். சிஸ்பிளாட்டின் அதைச் சிறுநீரில் ஒழுகவிடும். தசைப்பிடிப்பு, நடுக்கம், மிகுந்த சோர்வு, படபடப்பு ஆகியவை அதன் குறைபாட்டைக் காட்டலாம். பொட்டாசியம் குறைந்து எவ்வளவு கொடுத்தும் ஏறவில்லை என்றால் பல நேரங்களில் காரணம் மக்னீசியமே; அதைச் சரிசெய்தபின்தான் பொட்டாசியம் உடலில் தங்கும்.

கிரியாட்டினின் உண்மையிலேயே உயர்ந்துவிட்டால் முதலில் நீரிழப்பா, சிறுநீர்ப்பாதையில் அடைப்பா, மருந்தின் நேரடித் தாக்குதலா என்று பிரித்தறிய வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்டும் அதற்குத்தான். கட்டி சிறுநீர்க்குழாயை அழுத்துவதால் வந்த பாதிப்பு என்றால் குழாய் வைத்து அடைப்பை நீக்கலாம். நோயெதிர்ப்பு மருந்தால் வந்த அழற்சி பெரும்பாலும் ஸ்டீராய்டுக்கு அடங்கும். மெத்தோட்ரெக்சேட் வெளியேறாமல் தேங்கிவிட்டால் அதை ரத்தத்திலேயே சிதைக்கும் குளுகார்பிடேஸ் என்ற மருந்து 2012 முதல் இருக்கிறது; மிக விலை உயர்ந்தது, எல்லா இடங்களிலும் கிடைப்பதும் இல்லை. டயாலிசிஸ் தேவைப்பட்டாலும் அது எப்போதும் நிரந்தரமாகிவிடுவதில்லை; டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் அளவை மாற்றிக் கீமோ தருகிறார்கள். இந்தக் கட்டத்தில் புற்றுநோய் மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் பேசிக்கொள்வது அவசியம். அவர்களாகவே பேசிக்கொள்வார்கள் என்று இருந்துவிடாமல், ஒருவர் எழுதிய குறிப்பை மற்றவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

மற்ற சில பாதிப்புகள்

காதில் இரைச்சல், கீச்சென்ற ஒலிகள் கேட்காமல் போதல் ஆகியவை சிஸ்பிளாட்டினால் வரலாம். இழந்த செவித்திறன் பெரும்பாலும் திரும்பாது என்பதால் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். கைகால் மரத்துப்போவதையும், சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுவதையும் பாக்ளிடாக்செல், ஆக்சாலிபிளாட்டின், வின்கிறிஸ்டின் எடுத்துக்கொள்பவர்கள் ஒவ்வொரு வருகையிலும் தெரிவிக்க வேண்டும். அளவைக் குறைக்கும் முடிவு அந்தத் தகவலைச் சார்ந்திருக்கிறது. டாக்சோரூபிசினின் மொத்த அளவு கூடக்கூட இதயம் பாதிக்கப்படும் வாய்ப்பும் கூடுவதால் இடையிடையே எக்கோ எடுப்பார்கள். தட்டணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் ஈறில் கசிவும், தோலில் குண்டூசித் தலையளவு சிவப்புப் புள்ளிகளும் தோன்றுகின்றனவா என்று பாருங்கள்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவை: மேலே சொன்ன காய்ச்சல், பன்னிரண்டு மணி நேரமாகச் சிறுநீர் வராமை, கால் முகம் வீங்கி மூச்சு வாங்குதல், குழப்பமான பேச்சு, வலிப்பு, நிற்காத ரத்தக்கசிவு, நெஞ்சுவலி.

சிகிச்சை முடிந்த பிறகும் கிரியாட்டினின், மக்னீசியம், சிறுநீர்ப் புரதம், ரத்த அழுத்தம் ஆகியவற்றை மருத்துவர் சொல்லும் இடைவெளியில், பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறையாவது, பார்த்துக்கொள்ள வேண்டும். சிஸ்பிளாட்டினால் இழந்த வடிகட்டும் திறன் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். எந்தெந்த மருந்து மொத்தம் எவ்வளவு ஏற்றப்பட்டது என்ற விவரத்தை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தருமாறு கேட்டு வாங்கி, பல ஆண்டுகள் கழித்துச் சாய ஊசி போட்டு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னாலும், மூட்டுவலிக்கு மாத்திரை எழுதினாலும், அதை அந்த மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள்.